ஊழியர் குழுக்கள் (இ.ஆர்.ஜி.): கோவை, திருப்பூர் பக்கம் வேலை செய்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சரவணம்பட்டி, கீரணத்தம், பீளமேடு, விளாங்குறிச்சி என்று கோவையைச் சுற்றிப் பெரிய கம்பெனிகள் வந்த பிறகு, ‘இ.ஆர்.ஜி.யில் சேருங்கள்’ என்ற மெயில் பலருக்கும் வருகிறது. சேரலாமா, சேர்ந்தால் என்ன ஆகும், யாருக்குப் பிரயோஜனம் என்று கேட்கிறார்கள். இப்படி ஒரு குழுவில் சில வருடங்களாக இருக்கிறேன். என்னிடம் அதிகம் வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இவை.

இ.ஆர்.ஜி. என்றால் என்ன?

‘எம்ப்ளாயீ ரிசோர்ஸ் குரூப்’ என்பதன் சுருக்கம். ஒரே கம்பெனியில் வேலை செய்கிறவர்களில், ஒரே மாதிரியான சிரமத்தைச் சந்திப்பவர்கள் ஒன்றுசேர்ந்து நடத்தும் குழு. பெண்கள், மாற்றுத்திறனாளிகள், பால்புதுமையினர் (தன்பாலின ஈர்ப்பு உள்ளவர்கள், திருநர் முதலானோர்), கைக்குழந்தை உள்ள பெற்றோர் என்று பல குழுக்கள் இருக்கும். கம்பெனி இடம் தரும், வேலை நேரத்தில் கொஞ்சம் நேரம் தரும், வருடத்துக்கு ஏதோ ஒரு தொகை ஒதுக்கும். எதைப் பேசுவது, எதைக் கேட்பது என்று முடிவு செய்ய வேண்டியது ஊழியர்கள்தான். எல்லாவற்றையும் ஹெச்.ஆர். முடிவு செய்து, ஊழியர்கள் போட்டோவுக்கு மட்டும் நின்றால் அது குழு ஆகாது.

இது எங்கே ஆரம்பித்தது?

அமெரிக்காவில். 1964ல் ராச்செஸ்டர் நகரத்தில் இனக் கலவரம் வெடித்தது. ஜெராக்ஸ் கம்பெனி வளர்ந்த ஊர் அது. அதன் தலைவராக இருந்த ஜோசப் வில்சன், கறுப்பின மக்களைக் கூடுதலாக வேலைக்கு எடுக்க முன்வந்தார். வேலை கிடைத்துவிட்டது, ஆனால் உள்ளே வந்தவர்களுக்குப் பதவி உயர்விலும் வருமானத்திலும் பாகுபாடு தொடர்ந்தது. நல்ல வியாபாரம் நடக்கும் பகுதிகள் தங்களுக்குக் கிடைப்பதில்லை என்பது கறுப்பின விற்பனையாளர்களின் பெரிய குறை. அதைக் கேட்கத்தான் கூடினார்கள். 1970ல் அது அந்தக் கம்பெனியின் முறையான ஊழியர் குழுவாக உருவெடுத்தது. ஆக, இதன் வேர் வருமானத்தைப் பற்றிய நியாயமான கோபம். கேக் வெட்டுவதெல்லாம் பிறகு வந்து சேர்ந்தது.

யூனியனுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? யூனியன் வராமல் தடுக்கத்தான் இது என்கிறார்களே?

கோவைக்காரர்கள் இதைக் கேட்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். 1888ல் ஸ்டேன்ஸ் மில் வந்த காலத்திலிருந்து மில் சங்கு கேட்டு எழுந்த ஊர் இது. 1946 ஜனவரி 8 அன்று கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்ட சின்னியம்பாளையம் மில் தொழிலாளர் நால்வரை இன்றும் இங்கே நினைவு கூர்கிறார்கள்.

யூனியன் சட்டப்படி பதிவு செய்யப்படுவது. சம்பளம், போனஸ், வேலை நேரம் பற்றி நிர்வாகத்தோடு பேரம் பேசி ஒப்பந்தம் போடும், வேண்டுமானால் வேலைநிறுத்தம் செய்யும். இ.ஆர்.ஜி.க்கு அந்தப் பலம் எதுவும் இல்லை. கம்பெனி இன்று கொடுத்த இடத்தை நாளை எடுத்துக்கொள்ளலாம். அதனால், ‘குழுதான் இருக்கிறதே, யூனியன் எதற்கு?’ என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். 100 தொழிலாளரோ அதற்கு மேலோ உள்ள இடத்தில் நிர்வாகமும் தொழிலாளரும் உட்காரும் பணிக்குழு, 20 பேரோ அதற்கு மேலோ இருந்தால் குறைதீர்க்கும் குழு என்று தொழிலாளர் சட்டத்தில் தனியாகவே ஏற்பாடுகள் உண்டு. அவற்றுக்கும் இ.ஆர்.ஜி. மாற்று இல்லை.

அப்படியானால் இது எதற்கு? சம்பள ஒப்பந்தத்தில் வராத விஷயங்கள் நிறைய இருக்கின்றன. அவற்றுக்குத்தான்.

பெண்கள் குழுவும் ஐ.சி.யும் (உள் புகார்க் குழுவும்) ஒன்றா? ஏதாவது தப்பாக நடந்தால் குழுவில் சொன்னால் போதுமா?

போதாது. தயவுசெய்து இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். இந்தப் பக்கத்தில் இந்த ஒரு பதிலை மட்டும் நீங்கள் படித்தாலும் எனக்குச் சந்தோஷம்தான்.

பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிராக உச்ச நீதிமன்றம் 1997ல் விசாகா வழக்கில் வழிகாட்டு நெறிகளைத் தந்தது. 2013ல் சட்டமே வந்தது. 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் எந்த இடத்திலும் உள் புகார்க் குழு இருந்தே ஆக வேண்டும். ஆபீஸில் ஐ.சி. என்பது இதைத்தான். தலைவர் மூத்த பதவியில் உள்ள பெண், உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்கள், வெளியிலிருந்து ஒரு உறுப்பினர். சம்பவம் நடந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். நியாயமான காரணம் இருந்தால் இன்னும் 3 மாதம் வரை குழு அவகாசம் தரலாம். விசாரணையை 90 நாளில் முடிக்க வேண்டும். விசாரணை நடக்கும்போது இடமாற்றம் கேட்கலாம், 3 மாதம் வரை விடுப்பும் கேட்கலாம். குழுவே அமைக்காத முதலாளிக்கு 50,000 ரூபாய் வரை அபராதம்.

பலருக்குத் தெரியாத ஒன்று: கம்பெனி ஏற்பாடு செய்யும் கேப்பும் சட்டப்படி பணியிடம்தான். கான்ட்ராக்டில் இருப்பவர், டிரெய்னி, இன்டர்ன் எல்லோரும் புகார் தரலாம்.

இப்போது பெண்கள் குழுவுக்கு வருவோம். அது நாற்பது ஐம்பது பேர் இருக்கும் வாட்ஸாப் குரூப். அதில் ஒரு பெண் நடந்ததை எழுதினால் மறுநாள் காலை டீ டைமுக்குள் மூன்றாவது மாடி வரை போய்விடும். ஐ.சி.க்குப் போனால் பெயரும் விவரமும் வெளியே போகக் கூடாது என்பது சட்டம். பெண்கள் குழுவால் செய்ய முடிந்தது வேறு: ஐ.சி. உறுப்பினர்களின் பெயரும் போன் நம்பரும் லிப்ட் பக்கத்திலும் ரெஸ்ட் ரூம் கதவிலும் தமிழில் ஒட்டப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது, புகார் எழுத ஒருவருக்கு உட்கார்ந்து உதவுவது, விசாரணை அன்று காரிடாரில் கூட இருப்பது. அந்தத் துணையைத் தர ஆபீஸில் பெரும்பாலும் வேறு ஆள் இருப்பதில்லை.

மகளிர் தினத்துக்கு ரோஜாப்பூ, கோலப் போட்டி. இவ்வளவுதானே நடக்கிறது?

பல இடங்களில் அப்படித்தான் இருக்கிறது, மறுக்க மாட்டேன். கோலப் போட்டி வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன், முதல் தடவை ஆட்கள் அதற்காகத்தான் வருகிறார்கள். வந்தவர்களிடம் எதைக் கேட்கிறோம் என்பதுதான் முக்கியம்.

எங்கள் குழு முதலில் கையில் எடுத்தது கேப் பிரச்சினை. கோவில்பாளையம், அன்னூர் போகிறவர்களையும் காரமடை, மேட்டுப்பாளையம் போகிறவர்களையும் ஒரே வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். இரவு ஷிப்ட் முடிந்து லாக் அவுட் செய்த பெண் வீட்டுக் கதவைத் திறக்கும்போது மணி இரண்டாகும். சந்து சின்னதாக இருக்கிறது என்று டிரைவர் மெயின் ரோட்டிலேயே இறக்கிவிடுவார். அங்கிருந்து நாய்களுக்கு நடுவே நடை. மேலிடத்துக்கு வெறும் குறையாகச் சொன்னபோது ‘பார்க்கிறோம்’ என்றார்கள். அப்புறம் ஒவ்வொருவரும் லாக் அவுட் நேரம், வண்டி கிளம்பிய நேரம், வீடு சேர்ந்த நேரம், இறக்கிவிட்ட இடம் என்று நான்கு விவரம் எழுத ஆரம்பித்தார்கள். அந்தத் தாளை அட்மின் மேனேஜர் முன்னால் வைத்தோம். ரூட் இரண்டாகப் பிரிந்தது. வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, உள்ளே போன பிறகுதான் வண்டி நகர வேண்டும் என்று டிரைவர்களுக்கு எழுத்தில் போனது.

கேட்கத் தகுந்த இன்னொன்று குழந்தைகள் காப்பகம். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் காப்பக வசதி வேண்டும், தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்க் குழந்தையைப் பார்க்கலாம் என்று 2017ல் திருத்தப்பட்ட மகப்பேறு சட்டம் சொன்னது. 26 வார விடுப்பு எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, காப்பகத்தை யாரும் கேட்பதில்லை. 27வது வாரம் குழந்தையை எங்கே விடுவது என்ற கேள்விதான் பல பெண்களை வேலையை விட வைக்கிறது. மாமியார் ஊரில், அம்மாவுக்கு முடியவில்லை என்றால் அந்த வீட்டில் வேறு வழி கிடையாது.

ஆண்கள் சேரலாமா?

தாராளமாக. கைக்குழந்தை வைத்திருக்கும் அப்பாக்கள் அவசியம் வர வேண்டும்.

மாற்றுத்திறனாளிகளுக்கு இதனால் என்ன பயன்?

2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகை குறைபாடுகளை அங்கீகரிக்கிறது. 4 சதவீத இடஒதுக்கீடு அரசு வேலைக்குத்தான். ஆனால் தனியார் நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை எழுதி வெளியிட்டாக வேண்டும். 20 பேரோ அதற்கு மேலோ இருந்தால், இதைக் கவனிக்கத் தொடர்பு அலுவலர் ஒருவரை அந்தக் கொள்கையில் குறிப்பிட வேண்டும். உங்கள் கம்பெனியில் அந்த அலுவலர் யார் என்று ஒரு மெயில் போட்டுக் கேட்டுப் பாருங்கள். பதில் வர எத்தனை நாள் ஆகிறது என்பதிலேயே நிலைமை தெரிந்துவிடும்.

சட்டம் சொல்லாத இடங்களில்தான் குழுவுக்கு வேலை. வாசலில் சாய்தளம் கட்டியிருப்பார்கள், அதன் முடிவில் இருக்கும் கண்ணாடிக் கதவை வீல்சேரில் இருப்பவரால் இழுத்துத் திறக்க முடியாது. ஆக்சஸ் கார்டு வைக்கும் பெட்டி நிற்பவரின் தோள் உயரத்தில் இருக்கும். காது கேளாதவர் இருக்கும் மீட்டிங்கில், பேசுவதைத் திரையில் எழுத்தாகக் காட்டும் கேப்ஷனை ஆன் செய்ய யாருக்கும் நினைவு வராது. பார்வை இல்லாதவர் கட்டாயப் பயிற்சிப் பாடத்தை முடிக்கவில்லை என்று எச்சரிக்கை மெயில் வரும், திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் ஸ்கிரீன் ரீடரில் அந்தப் பாடம் வேலை செய்யாது என்பது அனுப்பியவருக்குத் தெரியாது. இவற்றைச் சரிசெய்யப் பெரிய பணம் தேவையில்லை. தினமும் அதில் சிக்குகிறவரைக் கூட்டிக்கொண்டு வாசலிலிருந்து கேன்டீன் வரை ஒரு தடவை நடந்தால் போதும், பட்டியல் தானாகக் கிடைத்துவிடும்.

சாதி பற்றி இந்தக் குழுக்கள் பேசுமா?

பெரும்பாலும் பேசுவதில்லை. பேச வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

வெளிநாட்டுத் தலைமையகத்தில் எழுதிய கொள்கையில் இனம், நிறம், மதம், பாலினம் எல்லாம் இருக்கும், சாதி இருக்காது. அது அவர்கள் ஊர்ப் பட்டியல். அங்கேயே இப்போது மாற்றம் தொடங்கியிருக்கிறது. 2023ல் சியாட்டில் நகர மன்றம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது, அமெரிக்காவில் அப்படிச் செய்த முதல் நகரம் அதுதான்.

இங்கே கொங்குப் பக்கம் யாரும் சாதியை நேராகக் கேட்பதில்லை. புதிதாகச் சேர்ந்தவரிடம் முதல் வாரம் மதியச் சாப்பாட்டு நேரத்தில், ‘ஏனுங்க, எந்த ஊருங்க?’ என்று ஆரம்பிக்கும். பெருந்துறைப் பக்கம் என்றால் பெருந்துறையில் எங்கே என்று வரும். அடுத்து, தோட்டம் இருக்குங்களா? குலதெய்வம் எந்தக் கோவிலுங்க? அந்த ஊரில் எந்த வீதி? கேட்பவர் பலரும் கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை, ஊர்ப் பழக்கம். ஆனால் பதில் சொல்லும் இடத்தில் ஓர் அருந்ததியர் வீட்டுப் பிள்ளை உட்கார்ந்திருந்தால், அந்த ஐந்து நிமிடம் அவருக்கு இன்டர்வியூவை விடக் கடினம். ஊர்ப் பெயரை மாற்றிச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அப்பாவின் வேலையை ‘கவர்ன்மென்ட்’ என்று மட்டும் சொல்லி நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள், அவர் நகராட்சித் தூய்மைப் பணியாளர் என்று சொன்னால் அடுத்த நாள் யார் டிபன் பாக்ஸைப் பகிர்வார்கள் என்று தெரியாததால். டீம் மொத்தத்துக்கும் கல்யாணப் பத்திரிகை வரும், ஒருவருக்கு மட்டும் மேஜையில் வைத்துவிட்டுப் போயிருப்பார்கள்.

இதை விடப் பெரிய விஷயம் வேலைக்கு எடுக்கும் விதம். தனியார் துறையில் இடஒதுக்கீடு இல்லை. ஆள் வேண்டும் என்றால் உள்ளே இருப்பவர்களிடம் ரெபரல் கேட்கிறார்கள், ஆளைச் சேர்த்துவிட்டால் போனஸும் உண்டு. நாம் யாரைச் சொல்வோம்? நமக்குத் தெரிந்தவரை. நமக்குத் தெரிந்தவர் யார்? நம் சொந்தம், நம் கல்லூரி, நம் ஊர். யாரும் யாரையும் வெறுக்காமலேயே ஒரே வட்டத்து ஆட்களாக ஒரு மாடி முழுக்க நிரம்பிவிடும்.

குழு என்ன செய்யலாம்? கம்பெனியின் கொள்கையில் சாதி என்ற சொல்லைச் சேர்க்கச் சொல்லி எழுதலாம், இந்தியக் கிளைக்கு மட்டுமாவது. கேம்பஸ் தேர்வுக்கு வழக்கமான தனியார் கல்லூரிகளோடு அரசு கலைக் கல்லூரிகளுக்கும் பாலிடெக்னிக்குகளுக்கும் போகச் சொல்லலாம். முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கென ஒரு குழு தொடங்கலாம். இது நம் மாநிலத்துக்கு நன்றாகப் பொருந்தும். 2010-11லிருந்து ‘முதல் பட்டதாரி’ கட்டணச் சலுகையில் படித்து வந்தவர்கள் இன்று எல்லா ஆபீஸிலும் இருக்கிறார்கள். கிளையன்ட்டோடு போனில் ஆங்கிலம் பேசப் பயம், அப்ரைசலில் தன் வேலையைத் தானே எடுத்துச் சொல்லக் கூச்சம், வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள யாரும் இல்லாத தவிப்பு இவர்களுக்குப் பொது. ஆனால் முதல் பட்டதாரி குழு வந்துவிட்டது, இனிச் சாதியைப் பேச வேண்டாம் என்று முடித்துவிடக் கூடாது. இரண்டும் வேறு வேறு காயம்.

சாதிப் பெயர் சொல்லித் திட்டுவது, இழிவுபடுத்துவது நடந்தால் அது குழுவில் பேசித் தீர்க்கும் விஷயம் அல்ல. அதற்கு 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது.

ப்ரைட் குழுவில் (பால்புதுமையினர் குழுவில்) சேர்ந்தால் வீட்டுக்குத் தெரிந்துவிடுமா?

நியாயமான பயம். கோவை பெரிய ஊர்தான், ஆனால் டீம் லீடின் தங்கை உங்கள் சித்தியின் பக்கத்து வீட்டில் இருப்பார். அதனால் சேரும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: உறுப்பினர் பட்டியலை யாரெல்லாம் பார்க்க முடியும்? போட்டோ எடுப்பார்களா? நன்றாக நடக்கும் குழுவில் பட்டியலே வெளியே தெரியாது, ஆதரவாளர்களும் கலந்தே இருப்பார்கள். அதில் இருப்பதை வைத்து ஒருவரைப் பற்றி எதுவும் முடிவு செய்ய முடியாது.

சட்டத்தைப் பொறுத்தவரை, 2014ல் உச்ச நீதிமன்றம் தன் பாலினத்தைத் தானே முடிவு செய்யும் உரிமையை அங்கீகரித்தது. 2018 செப்டம்பரில் அப்போதைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377வது பிரிவிலிருந்து தன்பாலின உறவு விடுவிக்கப்பட்டது. 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, திருநர் புகார்களைக் கவனிக்க ஒவ்வொரு நிறுவனத்திலும் ஓர் அலுவலர் இருக்க வேண்டும். தமிழ்நாடு 2008லேயே திருநங்கைகளுக்கு நல வாரியம் அமைத்த மாநிலம். இருந்தும் ஒரு திருநங்கை வேலைக்குச் சேர்ந்தால் முதல் நாள் பிரச்சினை எந்த ரெஸ்ட் ரூம், ஐடி கார்டில் எந்தப் பெயர் என்பதுதான். அவர் சேரும் முன்பே இவை முடிவாகியிருந்தால் அவர் வேலையைப் பார்க்கலாம்.

ஹவுஸ்கீப்பிங் அக்காக்கள், செக்யூரிட்டி அண்ணன்கள், வடமாநிலத் தொழிலாளர்கள் சேர முடியுமா?

விதிப்படி பெரும்பாலும் முடியாது, அவர்கள் கான்ட்ராக்டர் ஆட்கள். எனக்கு இதில் வருத்தம் உண்டு. பெண்கள் குழு கூடும் அறையைத் துடைத்துவிட்டு வெளியே நிற்கும் அக்காவுக்கு உட்கார நாற்காலி இருக்கிறதா என்று கேட்காத குழு, பெண்கள் குழு என்று சொல்லிக்கொள்வது சரியில்லை. உறுப்பினராக்க முடியாவிட்டாலும், அவர்கள் சாப்பிடும் இடம், உடை மாற்றும் அறை, கேப் வசதி பற்றிக் கேட்க யாரும் தடை போடவில்லை.

திருப்பூரில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள் இல்லாமல் பனியன் கம்பெனிகள் ஓடாது. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. பயந்துபோய்ப் பலர் ரயிலேறினார்கள். போலீஸ் அவை பொய் என்று விளக்க வேண்டியிருந்தது. கட்டிங், ஸ்டிட்சிங், செக்கிங் என்று ஒவ்வொரு பிரிவிலும் இந்தியோ ஒடியாவோ பேசும், எல்லோரும் நம்பும் ஒருவர் இருந்த இடங்களில் அந்தப் பயத்தை அன்றைக்கே பேசித் தணிக்க வழி இருந்தது. குழு என்ற பெயரே இல்லாவிட்டாலும் அது குழுவின் வேலைதான்.

மில்களிலும் கார்மென்ட்ஸிலும் வேலை செய்பவர்கள் 2022ல் கையெழுத்தான திண்டுக்கல் ஒப்பந்தத்தைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள். பெண்கள் தலைமையிலான தொழிற்சங்கம், ஏற்றுமதி நிறுவனம், வெளிநாட்டுத் துணி பிராண்டுகள் சேர்ந்து, பாலியல் துன்புறுத்தலையும் சாதிப் பாகுபாட்டையும் தடுக்கச் செய்துகொண்டது. நிறுவனம் மீறினால் பிராண்டுகள் வியாபாரத்தின் வழியாக அழுத்தம் தர வேண்டும் என்பது அதில் போட்ட நிபந்தனை. எந்த இ.ஆர்.ஜி.க்கும் அந்த வலு இல்லை.

குழு வேலை செய்தால் அப்ரைசலில் மதிப்பு உண்டா?

எழுத்தில் இருந்தால் உண்டு. வருட ஆரம்பத்தில் இலக்குகள் எழுதும்போதே குழுப் பொறுப்பையும் அதற்கான நேரத்தையும் மேனேஜரிடம் சொல்லிச் சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் ‘இதெல்லாம் செய்ய டைம் இருக்கா?’ என்ற கேள்வி வருட முடிவில் வரும். பெரும்பாலும் பெண்களின் தலையில் விழும் கூடுதல் வேலை இது, சும்மா செய்து கொடுக்காதீர்கள்.

அமெரிக்காவில் இதையெல்லாம் மூடுகிறார்களாமே?

2025 ஜனவரியில் அதிபர் டிரம்ப் போட்ட உத்தரவுகளுக்குப் பிறகு பல கம்பெனிகள் பெயரை மாற்றின, சில கைவிட்டன, சில எல்லா ஊழியர்களும் சேரலாம் என்று திறந்துவிட்டன. இங்கே பட்ஜெட் குறையலாம். ஆனால் ஐ.சி., காப்பகம், தொடர்பு அலுவலர், திருநர் புகார் அலுவலர் எல்லாம் இந்தியச் சட்டம். அதைத் தலைமையகம் மூட முடியாது.

எங்கள் இடத்தில் மொத்தமே சில பேர்தான். குழுவுக்கு எங்கே போவது?

பெயர் வேண்டாம், பேனர் வேண்டாம். 10 பேருக்குக் கீழ் இருந்தால், அல்லது புகாரே முதலாளி மேல் என்றால், மாவட்ட அளவில் உள்ளூர் புகார்க் குழு இருக்கிறது, கலெக்டர் ஆபீஸில் கேளுங்கள். மத்திய அரசின் ஷி-பாக்ஸ் இணையதளத்திலும் புகார் பதியலாம். கடையில் வேலை செய்பவராக இருந்தால் இன்னொன்று: 2021ல் தமிழ்நாடு கடைகள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று ஆக்கியது. கிராஸ்கட் ரோட்டிலும் ஒப்பணக்கார வீதியிலும் ஜவுளிக் கடைகளில் காலையிலிருந்து ராத்திரி வரை நின்றே விற்கும் பெண்களுக்கு இது சட்டம் தந்த உரிமை. மூன்று பேர் சேர்ந்து போய் முதலாளியிடம் ஸ்டூல் கேளுங்கள். தனியாகப் போக வேண்டாம்.